துளை ஒன்று, வேலை வேறு

கண்பார்வை முன்போல் இல்லை. மடிக்கணினியின் சிறிய திரையில் மெய்ப்புப் பார்ப்பது சிரமமாகிவிட்டதால், அண்மையில் 24 அங்குல மொனிட்டர் ஒன்றை வாங்கினேன். மடிக்கணினியின் பக்கவாட்டில் இருந்தது ரைப்-சி துளை. மொனிட்டரின் பின்புறத்திலும் அதே துளை. கைத்தொலைபேசியுடன் வந்த வயர் இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தியது. மடிக்கணினிக்கு மின்னேற்றமும் கிடைத்தது. படம் மட்டும் வரவில்லை. 'சிக்னல் இல்லை' என்று ஒரு வாசகம் தோன்றி மறைந்தது.

திருத்தகம் ஒன்றுக்குக் கொண்டுசென்றேன். எந்த வயரால் இணைத்தீர்கள் என்று அங்கு எவரும் கேட்கவில்லை. "சேர், மதர்போர்ட் போயிட்டுது, மாத்தத்தான் வேணும்" என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் சொன்ன தொகைக்கு இன்னுமொரு மொனிட்டர் வாங்கிவிடலாம். இன்னொருவரிடம் விசாரிக்காமல் எந்தச் செய்தியையும் அச்சுக்கு அனுப்பாத பழக்கம் அன்று கைகொடுத்தது. கணினியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாலையில் வந்த சகோதரியின் மகன் வயரைப் பார்த்தவுடனேயே சிரித்தான். "மாமா, இது சார்ஜ் பண்ணுற வயர். இதிலை படம் போகாது" என்றான். மொனிட்டர் பெட்டிக்குள் பிரிக்கப்படாமல் கிடந்த வயரை மாட்டியதும் படம் வந்துவிட்டது.

பிழை என்னுடையதுதான். ஆனால் முழுவதும் என்னுடையதா என்பதே எனது கேள்வி.

1987இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. இணைப்பில் 15 ஊசிகள் இருந்தன. 2002இன் இறுதியில் வந்த எச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19. 2006இல் வந்த டிஸ்பிளேபோர்ட்டில் 20. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம். மாறிச் செருக இயலாது. செருக முடிந்தால், அது படத்துக்கான வழிதான் என்று நம்பலாம். 2014இல் வந்த ரைப்-சி இந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது. எப்பக்கம் திருப்பினாலும் பொருந்தும் அதன் வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் வழியே படம் செல்ல வேண்டுமாயின் கணினியின் துளை, வயர், மொனிட்டரின் துளை ஆகிய மூன்றும் அதற்கென அமைந்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். சில கணினிகளில் துளையின் அருகே சிறிய அடையாளம் உண்டு. பலவற்றில் அதுவும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் தனது சந்தையில் விற்கப்படும் கைத்தொலைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் ரைப்-சி துளையைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனால் அது மின்னேற்றம் பற்றிய சட்டம். அத்துளை படத்தையும் அனுப்ப வேண்டும் என்று அது கோரவில்லை. ஒரே துளை என்பதால் ஒரே வேலை என்று எண்ணிக்கொள்பவர் வாங்குபவரே. பணம் இழப்பவரும் அவரே.

ஆகவே, திருத்தகத்தின் படியேறுமுன் சிலவற்றை நாமே பார்த்துக்கொள்வது நல்லது. மொனிட்டரின் பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் வயர் உள்ளதோ அதையே உள்ளீடாகத் தெரிந்திருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால், மடிக்கணினியில் மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரு திரைகளாக விரித்தல், வெளித்திரையில் மட்டும் என நான்கு தெரிவுகள் வரும். முதலாவது தெரிவில் இருந்தால் வெளித்திரையில் எதுவும் வராது. அதற்கும் அசையாவிட்டால் வேறொரு வயரை இரவல் வாங்கியாவது மாற்றிப் பார்க்க வேண்டும்.

படம் வந்தும் எழுத்துக்கள் மங்கலாக இருந்தால், மொனிட்டருக்குரிய இயல்பான பிரிதிறனைத் தெரிவுசெய்யாததே பெரும்பாலும் காரணம். 4கே திரையில் சுட்டி தயங்கித் தயங்கி நகர்ந்தால், இணைப்பு பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 ஆக இருக்கக்கூடும். அது 4கே படத்தை விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், 2.0 இணைப்பு 60 முறை புதுப்பிக்கும். பழைய வி.ஜி.ஏ. புரொஜெக்டருக்கு மாற்றி வாங்குவோர் அதன் திசையையும் கேட்டு வாங்க வேண்டும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுவது எதிர்த்திசையில் வேலை செய்யாது.

'இவற்றையெல்லாம் பயன்படுத்துபவர் அறிந்திருக்க வேண்டாமா?' என்று கேட்கலாம். ஓரளவு அறியத்தான் வேண்டும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு வயர்களை விற்பவர், அவற்றின் வேறுபாட்டைச் சொல்லாமல் விற்பது எந்த வகையில் நியாயம்? 'இவ்வயரில் படம் செல்லும்', 'இவ்வயரில் படம் செல்லாது' என்று பெட்டியின் மீது ஒரு வரி அச்சிட எவ்வளவு மை செலவாகும்? எமது நாட்டில் விற்கும்போது அந்த ஒரு வரி சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும்.

அதுவரை எனது ஏற்பாடு எளியது. வீட்டிலுள்ள வயர்களில் கடதாசித் துண்டுகளைக் கட்டி, எது எதற்கென்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மதர்போர்ட் இன்றும் நலமாகவே உள்ளது; இக்கட்டுரையையும் அதே கணினியில்தான் எழுதினேன்.