மலைக்குப் போகட்டும் தூக்கு

இந்த வாரம் எனக்கு எரிச்சலூட்டியது ஒரு பட்டியல். மலையேற்றம் அழைத்துப்போகும் குழு ஒன்று, வருகிறவர்கள் கொண்டுவர வேண்டியவற்றை எழுதி அனுப்பியிருக்கிறது. என் அக்கா மகன் அதை எனக்கு அனுப்பி, “மாமா, சாப்பாட்டுச் சாமான்ல எதை வாங்கட்டும்?” என்று கேட்டிருந்தான். பட்டியலின் பாதியில் அந்த வரி இருந்தது: டைட்டானியம் ஸ்போர்க் ஒன்று, இல்லாவிட்டால் யூஸ் அண்ட் த்ரோ ஸ்பூன் ஒரு பாக்கெட்.

நம் பிள்ளைகள் மலையேறுவதில் எனக்குப் பெரிய சந்தோஷம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 மலைப்பாதைகளை முறையாகத் திறந்துவிட்டபோது இந்தப் பத்தியில் கொண்டாடி எழுதினேன். நாள் முழுக்க முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குத்தான். எனவே அந்தக் கேள்விக்கு முதலில் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பூனும் முள்கரண்டியும் ஒன்றாகச் சேர்ந்த கருவிதான் ஸ்போர்க். டைட்டானியத்தில் செய்தால் இருபது கிராமுக்குள் அடங்கிவிடும். அந்த உலோகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், எவர்சில்வருக்குக் கிட்டத்தட்ட 8. துருப்பிடிக்காது, புளிப்புக்கும் அசையாது. விலைதான் அதிகம். அலுமினியம் இன்னும் லேசு, 2.7 தான். ஆனால் சூட்டை உடனே இழுத்து உதட்டைச் சுடும். புளியோதரையும் தக்காளிச் சோறும் கட்டிக்கொண்டு போகிற நமக்கு அது தோதுப்படாது, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். வீட்டு அலமாரியில் கிடக்கும் எவர்சில்வர் ஸ்பூன் டைட்டானியத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் கனம். தண்ணீர் உறையும் குளிரில், கை கழுவவே முடியாத இமயமலை முகாமில் ஸ்பூன் வேண்டும், மறுக்கவில்லை. கொல்லிமலையிலும் ஏலகிரியிலும் பொங்கல் சாப்பிட கை போதும்.

அந்த வரியின் மறுபாதிதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். பிளாஸ்டிக் ஸ்பூனோடு எனக்குள்ள பகையை நீண்ட நாள் வாசகர்கள் அறிவார்கள். கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீமோடு அது வந்ததற்கே ஒரு வாரப் பத்தியைச் செலவழித்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளை, உறிஞ்சுகுழல், பை எல்லாவற்றுக்கும் தடை. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய காகிதத் தட்டும் கப்பும்கூட அதில் அடக்கம். பிளாஸ்டிக் ஸ்பூனும் முள்கரண்டியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. காட்டுக்குள் நடத்திப்போகும் ஒரு குழு அதைப் பாக்கெட் கணக்கில் வாங்கி வரச் சொல்வது தவறு. “இது மக்கும் வகை” என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சோள மாவிலிருந்து வரும் அந்தப் பிஎல்ஏ வகை மக்குவதற்கு உரத் தொழிற்கூடத்தில் அறுபது டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மலைப்பாறை இடுக்கிலும் ஏரித் தண்ணீரிலும் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது?

ஏரி என்று சொன்னதும் எனக்குப் பசியாவரம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளை ஸ்பூனை நான் கடைசியாகப் பார்த்த இடம் அதுதான். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், வலைக்கண்ணில் காம்பு மாட்டியிருந்த ஸ்பூனை நூல் அறுந்துவிடாமல் மெல்லத் திருகி எடுத்தார். இறாலை எடுக்கிற அதே நிதானம். எடுத்ததை ஏரியில் திரும்ப வீசவில்லை. படகின் மூலையில் போட்டுக்கொண்டார்.

பழவேற்காட்டு ஏரியில் நீர் சூழ்ந்த மீனவ ஊர் பசியாவரம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், நம் பக்கம் இருப்பது தெற்கு ஓரம். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது இதன் கரையில்தான். கோட்டையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் எழுத விரும்புவது அந்த மீனவரின் படகில் இருந்த ஒரு தூக்கைப் பற்றி.

எவர்சில்வர் தூக்கு. ஒரு லிட்டர் பிடிக்கும். வயிறு அகலம், வாய் கொஞ்சம் ஒடுக்கம், அழுத்தி மூடினால் இறுகிக்கொள்ளும் மூடி, வளைந்த கைப்பிடி. உள்ளே நீரூற்றிய பழைய சோறு. மூடியைக் கவிழ்த்தால் அதுவே தட்டு. அதில் முந்தின நாள் மீன் குழம்பும் இரண்டு வெங்காயமும். தூக்கின் தோளில், பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்களே, அப்படி அவர் மனைவியின் பெயர். நாலு பேர் போகும் படகில் நாலு தூக்கு இருக்கும். எது எந்த வீட்டுடையது என்று அந்தப் பெயர்தான் சொல்லும்.

ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்பதை மீனவர்கள் ‘பாடு’ என்ற முறையில் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். முறை வந்த நாளில் விடியுமுன் கிளம்ப வேண்டும். பசித்தபோது திரும்பி வர முடியாது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் மலையேறுகிறவர்களைவிட இவர்களுக்கு அனுபவம் அதிகம். எவர்சில்வர் கனமாயிற்றே என்று கேட்டேன். அவர் சொன்னார்: “மூடி போட்டா தண்ணில வுயுந்தாலும் மெதக்கும் சார். கைப்பிடில கழிய விட்டு இஸ்துக்கலாம். லேசா இருந்து முழுகிப் போனா இன்னா பிரயோஜனம்?”

எந்த மலையேற்றக் கையேட்டிலும் நான் காணாத அளவுகோல் இது. தவறி விழுந்தால் திரும்பக் கிடைக்குமா? மாலையில் வீடு வந்து சேருமா?

இதைவிட லேசான பாத்திரமும் இதே நீர்வழியில் உண்டு. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்ப் பக்கம், கொசஸ்தலை ஆற்றில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்தபடி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனை ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் பல்லில் சுமக்க வேண்டிய கூடை எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வடிந்து இறால் தங்க வேண்டும். நனைந்து ஊறினாலும் குலையக் கூடாது. கிராம் கணக்குப் பார்க்கும் எந்த நிறுவனமும் இத்தனை கடுமையான சோதனையை வைத்ததில்லை. அந்தப் பெண்களின் பற்களும் தாடையும் படும் வலியையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

அதே பனைதான் பாத்திரமும் தந்தது. தென் மாவட்டங்களில் பதநீரும் கஞ்சியும் ஊற்றித் தரும் ஓலைப்பட்டையை நீங்கள் கையில் பிடித்திருப்பீர்கள். விரிந்த குருத்தோலையின் மடிப்புகளைப் பிரித்து, இரு முனைகளையும் கூட்டிப் பிடித்து, அதே ஓலையிலிருந்து கிழித்த நாரால் ஒரு கட்டு. ஒரு சொட்டு ஒழுகாது. குடித்துப் போட்டால் ஆடு தின்னும். பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாகப் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் தட்டும் முடைகிறார்கள். சாயமேற்றிய ஓலைக் கீற்றுகளை மடியில் வைத்துக்கொண்டு, பேசியபடியே, பார்க்காமலே மூலை திருப்பும் விரல்கள் அவை. அத்தனை கைத்திறன் ஒரே ஊரில் இருக்க, சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அங்கே போகிறவர்கள் தெர்மாகோல் தட்டில் மீன் வறுவல் சாப்பிட்டு, தட்டைக் கரையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தத் தட்டுதான் துண்டு துண்டாகி மீனவரின் வலையில் வந்து ஏறுகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம் மணல் மேடிட்டு நீரோட்டம் குறைவதால் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஏரி அது. நம் குப்பையையும் அது ஏன் சுமக்க வேண்டும்?

பனை நமது மாநில மரம். ஆட்சியர் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மரத்தைக் காப்பது சட்டத்தின் வேலை. ஓலைக்கு வேலை கொடுப்பது நம் வேலை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம், மறைந்துவிட்டதென்று நினைத்த பையைக் கடைவீதிக்குத் திரும்பக் கொண்டுவந்தது. பைக்கு ஆனது பாத்திரத்துக்கும் ஆகும்.

மலையேற்றக் குழு நடத்துகிறவர்களே, உங்கள் பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். மூடி இறுகும் சிறிய தூக்கு ஒன்று, தேவைப்படுவோருக்கு வீட்டு எவர்சில்வர் ஸ்பூன் ஒன்று என்று எழுதுங்கள். கூட்டமாகப் போகும்போது ஓலைப்பட்டைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடைய ஆள் இருக்கிறார்கள். வாசகர்களே, பழவேற்காட்டுக்குப் போனால் உங்கள் பாத்திரத்தை எடுத்துப் போங்கள், கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள். வரும் வழியில் ஓர் ஓலைக்கூடை வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.