சேதனப் பசளை: நாம் போடாத கணக்கு

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது ஒரே வகையான செய்திகளை எனக்கு அனுப்பிவைக்கிறார்கள். எமது முன்னோர் யூரியாவைக் கண்டதில்லை, மாட்டெருவும் குழையும் இட்டே பொன் விளைவித்தார்கள், நாம்தான் மண்ணை நஞ்சாக்கிவிட்டோம் என்பது அவற்றின் சாரம். வாசிப்பதற்கு இதமாக இருக்கிறது. அதில் உண்மையும் உண்டு. ஆனால், இதே கருத்து 2021 ஆம் ஆண்டில் இலங்கையின் அரச கொள்கையாக மாறியபோது நடந்தவற்றை அருகிலிருந்து பார்த்தவன் என்ற வகையில், அந்தச் செய்திகளுக்கு ஒற்றை வரியில் பதில் எழுத என்னால் முடிவதில்லை.

முதலில் ஓர் ஒப்புதல். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் சேதனப் பசளையின் மேன்மையைப் பற்றி நானும் பல தடவைகள் எழுதியிருக்கிறேன். ஆசிரிய தலையங்கம் எழுதியதும் உண்டு. ஓர் ஏக்கர் வயலுக்கு எத்தனை கிலோ நைதரசன் வேண்டும், ஒரு வண்டில் எருவில் அது எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியை அவற்றில் ஒன்றிலேனும் நான் எழுப்பியதில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் கேட்கத் தவறிய கேள்வி அது.

2019 ஜனாதிபதித் தேர்தலின்போது கோட்டாபய ராஜபக்ஷ முன்வைத்த கொள்கைப் பிரகடனத்தில், சேதன விவசாயத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவதாகவே கூறப்பட்டிருந்தது. ஆனால், 2021 ஏப்ரல் இறுதியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதற்கு அமைச்சரவை முடிவெடுத்தது. மே 6 ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. பத்து ஆண்டுத் திட்டம் பத்து நாட்களுக்குள் சட்டமாயிற்று. மக்களின் ஆரோக்கியமே காரணம் என்று சொல்லப்பட்டது. நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது என்பது பலரும் அறிந்த மற்றைய காரணம்.

அந்த நாட்களில் வலிகாமத்தில் எனக்கு நன்கு தெரிந்த ஒரு தோட்டக்காரரைச் சந்தித்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர். தடையைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டேன். "தம்பி, நான் எருவுக்கு எதிரியில்லை. என்ரை ஐயா காலத்திலையிருந்து குழை தாட்டுத்தான் தோட்டம் செய்யிறம். ஆனா வெங்காயத்துக்குக் கசற் வாசிக்கத் தெரியாது. அதுக்குப் பசிக்கிற நேரம் சாப்பாடு குடுக்கவேணும்" என்றார். அந்த ஆண்டில் இந்த விடயம் பற்றி நான் கேட்ட கருத்துகளுள் இதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

அவர் சொன்னதைக் கணக்காக்கிப் பார்ப்போம். பயிருக்கு வேண்டிய போசணைகளுள் அதிகமாகத் தேவைப்படுவதும் எளிதில் இழக்கப்படுவதும் நைதரசன்தான். யூரியாவில் அது 46 வீதம். ஓர் அந்தர், அதாவது இன்றைய 50 கிலோ மூடை, 23 கிலோ நைதரசனைத் தருகிறது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு இரண்டு மூடை இடுவதாகக் கொண்டால் 46 கிலோ. சாதாரண மாட்டெருவில், ஈரத்துடன் நிறுத்தால், 100 கிலோவுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நைதரசனே இருக்கும். அதே 46 கிலோவைப் பெறுவதற்கு 9 தொன்னுக்கும் அதிகமான எரு வேண்டும். எமது ஊர்ப் பசுவொன்று நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் இடுவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஒரு போகத்துக்குத் தேவையான எருவைச் சேர்க்க அந்தப் பசுவுக்கு இரண்டரை ஆண்டுகள் செல்லும். மேய்ச்சல் தரையில் விழுந்து போகும் சாணம் இந்தக் கணக்கில் இல்லை.

இதோடு முடியவில்லை. யூரியாவின் நைதரசன் சில நாட்களில் பயிருக்குக் கிடைத்துவிடும். எருவில் உள்ளதோ நுண்ணுயிர்கள் உக்கவைத்த பின்னரே கிடைக்கும். முதற் போகத்தில் அதன் ஒரு பகுதிதான் பயிரைச் சேரும். எஞ்சியது மண்ணில் தங்கி அடுத்தடுத்த போகங்களுக்கு மெல்ல மெல்ல வெளிப்படும். பல ஆண்டுகளாக எரு கண்ட தோட்டம் தாக்குப்பிடிப்பதற்கும், யூரியாவை மட்டுமே கண்ட வயல் முதலாண்டிலேயே மஞ்சளடிப்பதற்கும் காரணம் இதுதான். ஒரு மண்ணைச் சேதன முறைக்குப் பழக்குவதற்கு ஆண்டுகள் வேண்டும், அறிவித்தல் போதாது.

எருக்களிலும் எத்தனையோ வகை. கோழியெருவில் மாட்டெருவைவிடப் பல மடங்கு நைதரசன் உண்டு. பச்சையாக இட்டால் இளம் பயிரைக் கருக்கிவிடும். வேப்பம் பிண்ணாக்கில் ஏறக்குறைய 5 வீதமும் கடலைப் பிண்ணாக்கில் 7 வீதமும் இருக்கும், விலைதான் இடிக்கும். கிளிசரியா இலை, உலர்ந்த நிறையில் 3 முதல் 4 வீதம் நைதரசன் கொண்டது; பச்சை இலையில் முக்காற்பங்கு நீர் என்பதால் 100 கிலோ குழை தாழ்த்தினால் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே கிடைக்கும். வைக்கோலையும் மரத்தூளையும் உக்காமல் மண்ணில் கலந்தால் வேறு விபரீதம் நேரும். அவற்றில் காபன் மிகுதி. அதை உண்ணும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பயிர் பட்டினி கிடக்கும். 2021 இல் அவசரம் அவசரமாகத் தயாரிக்கப்பட்ட 'கூட்டெரு'க்களில் குப்பையும் கல்லும் கிடந்ததாகக் கமக்காரர்கள் முறையிட்டபோது, அவற்றின் நைதரசன் அளவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமிருக்கவில்லை.

இங்கே நண்பர்களின் செய்திகளில் சொல்லப்படாத ஓர் உண்மையும் உண்டு. எருவும் குழையும் நைதரசனை உண்டாக்குவதில்லை; ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுவருகின்றன. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களின் செழிப்புக்குப் பின்னால் மேய்ச்சல் தரைகள் இருந்தன. பூவரசம் வேலிகள் இருந்தன. பழைய பனையோலை தாழ்க்கப்பட்டது. வன்னிப் பக்கத்திலிருந்து குழை வந்தது. அறுவடை முடிந்த தறையில் மாட்டுப் பட்டி அடைக்கப்பட்டது. ஒரு பரப்புத் தோட்டத்தை வாழவைக்க அதைவிடப் பெரிய நிலமொன்று வெளியே தேய்ந்துகொண்டிருந்தது. காற்றிலுள்ள நைதரசனைப் புதிதாக மண்ணுக்குக் கொண்டுவரக்கூடிய பயிர்கள் அவரையினத்தவை மட்டுமே: சணல், பயறு, உழுந்து, கௌபீ. வேரிலுள்ள கணுக்களில் வாழும் பற்றீரியா செய்யும் வேலை அது. அதையே ஜேர்மனியில் பிரிட்ஸ் ஹேபரும் கார்ல் பொஷும் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார்கள். 1913 இல் அந்த முறையில் பெரும் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக சனத்தொகையில் ஏறக்குறைய அரைவாசிப் பேரின் உணவு அதில் தங்கியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

முன்னோரைப் பற்றிய பேச்சிலும் இந்தக் கணக்கு மறக்கப்படுகிறது. 1946 குடிசன மதிப்பின்படி இலங்கையின் சனத்தொகை ஏறக்குறைய 66 இலட்சம். அப்போது ஒரு ஹெக்டேயரில் 2 தொன் நெல்கூட விளையவில்லை. நாடு அரிசியை இறக்குமதி செய்தே உண்டது. 2024 இல் சனத்தொகை 2 கோடி 17 இலட்சம். விளைச்சல் சாதாரண ஆண்டுகளில் ஹெக்டேயருக்கு 4 தொன்னுக்கு மேல். அந்த இடைவெளியை நிரப்பியவை புதிய நெல்லினங்களும் நீர்ப்பாசனமும் பசளையும். 1962 இலிருந்து பசளைக்கு மானியம் வழங்கிக் கமக்காரனை யூரியாவுக்குப் பழக்கியதும் அரசுதான். அதே அரசு ஒரு நாளில் அவனைக் குற்றவாளியாக்கியது நியாயமல்ல.

வடக்கில் இருப்பவர்களுக்கு யூரியா இல்லாத காலம் புதிதுமல்ல. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி ஆகியவற்றோடு பசளையும் அகப்பட்டது. எமது தோட்டக்காரர்கள் மீண்டும் குழைக்கும் எருவுக்கும் திரும்பினார்கள், பிழைத்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. நான் அதைப் பெருமையாகப் பார்ப்பதில்லை. அது அவர்களுடைய தேர்வு அல்ல. வேறு வழியற்ற நிலை. 2021 இல் தெற்கின் கமக்காரர்கள் தெருவில் இறங்கியபோது, அந்தப் பழைய நாட்கள்தான் என் நினைவுக்கு வந்தன.

அடுத்து நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். சீனாவிலிருந்து 99,000 தொன் சேதனப் பசளை தருவிக்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. அனுப்பப்பட்ட மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் அறிவித்தனர். 20,000 தொன்னுடன் வந்த 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பல் இறக்க அனுமதிக்கப்படாமல் கடலிலேயே அலைந்தது. இறுதியில், 2022 ஜனவரியில், வாங்காத பசளைக்காக 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவம் கொண்டுவரப்பட்டது. 4 வீத நைதரசன் கொண்ட அந்தத் திரவத்தின் 500 மில்லிலீற்றர் போத்தலொன்றில் இருப்பது 20 கிராம். அது ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்று கூறப்பட்டது. இலையில் தெளிப்பதால் வீணாவது குறையும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், 20 கிராம் 20 கிலோவாகிவிடாது.

2021 நவம்பரில் தடை கைவிடப்பட்டது. பெரும்போகம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2022 இல் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. 2021 இல் 29 கோடி 90 இலட்சம் கிலோவாக இருந்த தேயிலை 25 கோடி கிலோவளவுக்கு இறங்கியது. வீழ்ச்சி முழுவதற்கும் தடை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன்; எரிபொருள் தட்டுப்பாடும் இருந்தது, 2022 இல் உலக சந்தையில் பசளை விலையும் உச்சத்துக்குச் சென்றது. ஆனால், அடி எங்கே விழுந்தது என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் யூரியாவே கதி என்கிறேனா? இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது. மேலே அளவுக்கு மிஞ்சி இடும் நைதரசன், நைத்திரேற்றாகக் கரைந்து நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மீறப்பட்டிருப்பதைப் பல தசாப்தங்களாக ஆய்வுகள் காட்டிவருகின்றன. கைக்குழந்தைகளுக்கு அது குருதியில் ஒட்சிசன் குறையும் ஆபத்து. அந்த வகையில், தடையை ஆதரித்தவர்களின் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால், கிணற்றுக்கு யூரியாவின் நைத்திரேற்றும் எருவின் நைத்திரேற்றும் ஒன்றுதான். அளவின்றிக் கொட்டிய கோழியெருவும் கிணற்றைக் கெடுக்கும். மலகூடக் குழியும் கெடுக்கும். பெயரை மாற்றினால் நீர் தூய்மையாகிவிடாது, அளவை மாற்றவேண்டும்.

ஆகவே, பசளையைத் தேர்வு செய்வது சமயம் மாறுவது போன்றதல்ல. மண்ணைச் சோதித்து, பயிரின் பருவத்தைப் பார்த்துச் செய்யவேண்டிய கருமம். நடுகைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் உக்கிய எருவை இட்டு மண்ணின் கட்டமைப்பையும் ஈரம் பிடிக்கும் தன்மையையும் வளர்க்கலாம். போகங்களுக்கிடையே சணலோ பயறோ விதைத்து மடக்கி உழலாம். வேலியில் கிளிசரியாவும் பூவரசும் நடலாம். எஞ்சும் தேவைக்கு யூரியாவைச் சிறு சிறு அளவாகப் பிரித்து இடலாம். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணின் மேற்பரப்பில் தூவிவிட்டால் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும் என்பதால் மண்ணோடு கலந்து நீர் பாய்ச்சவேண்டும். வெங்காயம் முற்றும் தறுவாயில் நைதரசனை நிறுத்தவேண்டும். இல்லையேல் கழுத்துத் தடித்து, களஞ்சியத்தில் அழுகும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையத்து உத்தியோகத்தர்களுக்கும் தெரியும், அந்த முதியவருக்கும் தெரியும். அவர்களைக் கேட்காமல் முடிவெடுத்ததுதான் நடந்த பிழை.

பத்திரிகைத்துறையினருக்கும் அதில் பங்குண்டு. தடை வந்த நாட்களில் 'நஞ்சற்ற நாடு' என்ற தலைப்பை இடுவதா 'விவசாயிகள் கொதிப்பு' என்ற தலைப்பை இடுவதா என்பதே எமது விவாதமாக இருந்தது. எத்தனை கிலோ, எங்கிருந்து, எப்போது என்ற மூன்று சொற்களை அமைச்சரின் ஊடக சந்திப்பில் ஒருவர் விடாப்பிடியாகக் கேட்டிருந்தாலே விடயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

அந்தத் தோட்டக்காரர் 2022 சிறுபோகத்தில் தமது காணியில் பாதியைத் தரிசாக விட்டார். இப்போது மீண்டும் செய்கிறார். எருவும் இடுகிறார், யூரியாவும் இடுகிறார், முன்னரைவிடக் குறைவாக. அடுத்த தடவை முன்னோரைப் பற்றிய அந்தச் செய்தி என் தொலைபேசிக்கு வந்தால், அனுப்பும் நண்பரிடம் ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றிருக்கிறேன்: "நல்லது, ஒரு பரப்புக்கு எத்தனை கிலோ?"