பேரேடுகளும் 'பன்னாட்டு' ஆய்வும்

'பன்னாட்டு' என்னும் அடைமொழி நம் தமிழ்த்துறைகளில் மலிந்துவிட்டது. அயல்நாட்டிலிருந்து ஒருவரோ இருவரோ இணையவழியில் கால்மணி நேரம் உரையாற்றிவிட்டால் கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்காகிவிடுகிறது. அங்குப் படிக்கப்பெறாத கட்டுரைகளும் தொகுதியில் சேர்ந்து, பன்னாட்டுத் தரப் புத்தக எண்ணையும் பெற்றுவிடுகின்றன. பல்கலைக்கழக மானியக்குழு 2019-இல் கொண்டுவந்த 'கேர்' இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டபோது, இனி எந்தப் பட்டியலைப் பார்ப்பது என்பதே நம்மிடையே எழுந்த முதல் கேள்வியாக இருந்தது. கட்டுரை வெளியாகும் இடத்தைக் கொண்டே ஆய்வின் பன்னாட்டுத் தன்மையை அளக்கப் பழகிவிட்டோம். ஆய்வுப்பொருள் எந்தெந்த நாடுகளை ஊடறுத்துச் செல்கிறது, அதன் சான்றுகள் எந்தெந்த மொழிகளில் உள்ளன என்பவை அளவுகோலாகக் கொள்ளப்படுவதில்லை. இதனால் நாம் இழந்துகொண்டிருக்கும் ஒரு சான்றுத் தொகுதியைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் விற்பனைக்கு வந்த பழைய வீட்டைப் பார்க்க நேர்ந்தது. பின்கட்டில் துணியட்டையிட்ட பேரேடுகள் இடுப்பளவு உயரத்திற்கு அடுக்கப்பட்டிருந்தன. பழந்தாள் வணிகர் தராசுடன் வந்திருந்தார். "இதைப் படிக்க இப்ப யாரு இருக்கா?" என்றார் அவ்வீட்டு ஆச்சி. அவரிடம் கேட்டு இரண்டு பேரேடுகளை வாங்கிவந்தேன். நாற்பதாண்டுக் காலம் தமிழ் கற்றும் கற்பித்தும் வந்த எனக்கு அவற்றில் ஒரு பக்கத்தைக்கூட முழுமையாகப் படிக்க இயலவில்லை. தமிழ் எண்களை ஒருவாறு அடையாளம் காண முடிந்தது. வீசம், மா, காணி, முந்திரி ஆகியவற்றின் குறிகளில் தடுமாறினேன். தமிழின் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் 2019-இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் இடம்பெற்றுவிட்டன. கணினிக்குள் சென்றுவிட்ட அக்குறிகளைக் கணக்கேட்டில் கண்டு வாசிப்பவர்களோ அருகி வருகிறார்கள்.

இப்பேரேடுகள் ஒரு குடும்பத்தின் வரவுசெலவு மட்டும் அல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என விரித்த கொடுக்கல் வாங்கல், வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளின் பொருளியல் வரலாற்றில் தவிர்க்கவியலாத பகுதி. கீழ்ப் பர்மாவில் காடழித்து நெல்வயல் சமைத்த உழவர்க்கு வேண்டிய முதலில் பெரும்பங்கு இவர்கள் வழியாகவே சென்றது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது, கடன்கள் திரும்பவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் நகரத்தார் கைவசம் இருந்த சாகுபடி நிலம் 6 விழுக்காடு. 1938-இல் அது 25 விழுக்காடு. அவர்கள் விரும்பித் தேடிய நிலமன்று அது. கொடுத்த பணத்திற்கு ஈடாக வந்து சேர்ந்தது. ஆயினும் நிலத்தை இழந்த பர்மிய உழவரின் பார்வையில் இவ்வேறுபாட்டிற்குப் பொருளில்லை. பின்னாளைய பர்மிய அரசியலில் இதன் விளைவுகள் ஆழமானவை.

இப்பொருள் குறித்த ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. மைக்கேல் ஆடசு 1974-இல் பர்மிய நெல் வெளியைப் பற்றி எழுதினார். டேவிட் ரட்னர் நகரத்தாரின் சாதியமைப்பையும் முதலீட்டையும் இணைத்து ஆராய்ந்து 1994-இல் நூல் வெளியிட்டார். சான் டர்னெல் பர்மிய வங்கி வரலாற்றை 2009-இல் நூலாக்கினார். தமிழகம் வந்து களப்பணி செய்த ரட்னரைப் போன்றோர் விதிவிலக்கு. ஏனையோர் பெரிதும் சார்ந்து நிற்பது 1929–30-இல் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையையும் அதையொத்த ஆங்கில ஆவணங்களையுமே. அவ்வறிக்கை மதிப்புடையதே. ஆயினும் அது அதிகாரிகளின் வினாக்களுக்கு வணிகர்கள் சொன்ன விடைகளின் தொகுப்பு. தமக்குத் தாமே அவர்கள் எழுதிக்கொண்ட கணக்கு அன்று.

இக்கணக்கை ஆங்கிலத்தில் பெயர்ப்பதில் இடர் சொல்லளவிலேயே தொடங்குகிறது. 'மகமை' என்னும் பற்றுவரவைப் பொருளியலார் கோயில் வரி என்றோ அறக்கொடை என்றோ பெயர்த்துக்கொள்கின்றனர். ஆனால், இலாபத்தைப் பார்த்துவிட்டு மனமுவந்து பின்னர்த் தருவதன்று அது. தொழில் நடக்கும்போதே கணக்கில் ஒதுக்கப்படுவது. நாடார் உறவின்முறைகளிலும் மகமை உண்டு. அங்கே அது பள்ளிக்கூடங்களாக வளர்ந்தது. இருவேறு வணிகச் சமூகங்களில் ஒரே சொல் எவ்வாறு இயங்கிற்று என்பதை ஒப்பிடுவது சொல்லாராய்ச்சியும் ஆகும், வணிகவியலும் ஆகும். 'நடப்பு வட்டி'யும் அத்தகையதே. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி அறுதியிட்ட அவ்விகிதத்தை ஆங்கில நூல்கள் சந்தை வட்டியாகக் காண்கின்றன. சந்தை கோயிலுக்குள் கூடியது ஏன் என்னும் வினாவுக்கு அங்கே அடிக்குறிப்பளவு இடமே கிட்டுகிறது. 'புள்ளி' என்பது மணமான இணையைக் குறிக்கும் கணக்கு அலகு என்பதை அறியாதவர் நகரத்தார் கோயிற் கணக்கைக் கொண்டு மக்கள்தொகையை மதிப்பிட்டால் பிழைபடுவது உறுதி.

இலக்கியச் சான்றுகளின் நிலையும் இதுவே. இளமையில் மேடான் நகர வட்டிக்கடையில் பணிபுரிந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) கிட்டங்கி வாழ்வை உள்ளிருந்து காட்டுவது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகும் படிநிலை, முதலாளி கடலுக்கு இப்பால் இருக்க முகவர் அப்பால் நடத்தும் தொழிலின் நம்பிக்கையும் ஐயமும் ஆகியன நிறுவன மேலாண்மையை ஆராய்வோர்க்கு நேரடியாகப் பயன்படுவன. நாமோ அந்நாவலில் நனவோடை உத்தியைத் தேடி முப்பது ஆய்வேடுகள் எழுதுவோம். கடையைப் பார்க்க மாட்டோம். ஏ.கே. செட்டியார் ஆசிரியராக இருந்து ரங்கூனிலிருந்து வெளியிட்ட 'தனவணிகன்' இதழையும் இதழியல் வரலாற்றின் ஒரு வரியாகவே கடந்துபோகிறோம்.

வேறுவிதமாக நிகழ்ந்த எடுத்துக்காட்டுகள் நம்மிடமே உண்டு. சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் தோரு மட்சுயியும் எ. சுப்பராயலுவும் இணைந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்குச் சொல்லடைவு தயாரித்து 1978-இல் மதுரையில் வெளியிட்டனர். புள்ளியியல் முறையும் கல்வெட்டுத் தமிழறிவும் அங்கே ஒன்றையொன்று திருத்தின. சுமத்ராவின் பாருசுப் பகுதியில் பிரெஞ்சு அறிஞர் குழு அகழாய்வு மேற்கொண்டபோது, கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டை மீண்டும் படித்தவரும் சுப்பராயலுவே. இவ்விரண்டிலும் தமிழறிவு மொழிபெயர்ப்பு உதவியாக நிற்கவில்லை. எதைக் கேட்பது என்பதையே அது முடிவுசெய்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கடல்வணிகத்தில் இயன்றது நூறாண்டுக்கு முந்தைய கடல்வணிகத்தில் இயலாமற் போனதற்குக் காரணம், கல்வெட்டு நமக்குப் பெருமை தருகிறது, வட்டிக்கணக்கு சற்றே நாணம் தருகிறது என்பதாக இருக்கலாம். எனக்கு அவ்வாறே தோன்றுகிறது.

தமிழறிஞர் மட்டும் முனைந்தால் போதும் என்றும் கருதிவிடக் கூடாது. ரங்கூன் பேரேட்டில் கடன்பெற்ற பர்மியரின் பெயர்கள் தமிழ் எழுத்தில் உள்ளன. பர்மியப் பெயர்களின் ஒலிகளுக்கு நம் எழுத்து போதாது. எழுதிய கணக்கப்பிள்ளையும் தம் காதுக்கு எட்டியவாறே எழுதினார். பெயருக்கு முன்வரும் 'மவுங்' ஆணையும் 'மா' பெண்ணையும் குறிக்கும் மதிப்படைகள். ஓரெழுத்துப் பிழையில் பாலே மாறிவிடலாம். கடன்பட்டோரில் பெண்கள் எத்துணைப் பேர், நிலம் யார் பெயரில் இருந்தது என்பன பர்மியச் சமூக வரலாற்றுக்கு முதன்மையான வினாக்கள். அவற்றுக்கு விடை தமிழ்ப் பேரேட்டில் கிடக்கிறது. பர்மிய மொழி அறிந்தவர் அருகில் அமராமல் அதை எடுக்க முடியாது. பன்னாட்டு ஆய்வு என்று நான் கருதுவது இதையே.

இதற்குத் தடைகள் பல. குடும்பக் கணக்கு வெளியே செல்லலாகாது என்னும் உரிமையாளரின் தயக்கம் நியாயமானது. பெயர்களை மறைத்துப் பயன்படுத்தும் முறையை அவர்களோடு பேசியே வகுக்க வேண்டும். உரிமையாளரின் தயக்கத்தை விடவும் கடினமானது நம் துறைகளின் தயக்கம். வணிகக் கடிதங்களை ஆய்வுத் தலைப்பாகக் கொண்டுவந்த மாணவர் ஒருவரிடம், 'இது இலக்கியமன்று, வணிகவியல் துறைக்குச் செல்க' என்று தலைப்புத் தேர்வுக் குழு சொல்லக் கேட்டிருக்கிறேன். வணிகவியல் துறைக்குச் சென்றிருந்தால் அங்கே அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் யார்? முதுகலைப் பாடத்திட்டத்தில் சுவடியியலோடு கணக்கேட்டு வாசிப்பையும் ஒரு தாளாக வைக்கலாம். முனைவர் பட்டத்திற்குத் தமிழிலும் பொருளியலிலும் ஒவ்வொருவர் இணைந்து நெறிப்படுத்தலாம். ஒரு பேரேட்டைப் படித்துச் சொல்லடைவுடன் பதிப்பிப்பது ஓர் ஆய்வேட்டுக்கு ஈடான உழைப்பு என்று ஏற்பதற்கு எந்த அயல்நாட்டுப் பட்டியலின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஆச்சியிடம் பெற்ற இரண்டு பேரேடுகளில் ஒன்றன் முதற்சில பக்கங்களை, பழைய கணக்குப்பிள்ளை ஒருவரின் துணையுடன் மாணவர் இருவர் படித்து முடித்துள்ளனர். தொகைகள் தெளிந்துவிட்டன. 'மா' என்று தொடங்கும் பெயர்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, பர்மிய மொழி அறிந்தவர்க்காக வைத்திருக்கிறோம்.