விழுக்காடு பசியாற்றாது

புரதம் மிகுந்த கொண்டைக்கடலை வரப்போகிறது என்ற செய்தி சில ஆண்டுகளாகவே அறிவியல் ஆர்வலர்களைப் பரவசப்படுத்தி வருகிறது. கலிபோர்னியாவில் தோன்றிய நிறுவனமொன்று, தென்கிழக்குத் துருக்கியின் காட்டுக் கடலையைப் பயிர்க் கடலையோடு கலந்து, வழக்கமாக 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் புரதத்தை வெகுவாக உயர்த்திவிட்டதாக அறிவித்தது. தாவர இறைச்சியும் புரத மாவும் செய்யும் ஆலைகளுக்கு அது நற்செய்திதான். அதில் நமக்குப் பிணக்கில்லை. அதையே இந்திய ஏழையின் ஊட்டக்குறைவுக்கு மருந்தெனப் பேசுகிறவர்களோடுதான் நமக்கு வழக்கு.

இவ்வழக்கில் நாம் அழைக்கும் சாட்சி குன்னூர். கடலைக்கும் நீலகிரிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். ஊட்டச்சத்து ஆய்வு இந்தியாவில் வேர்கொண்டது அந்த மலையில்தான். 1918இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்கரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார் மக்கரிசன். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என அமைந்த சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. நம் மதராஸ் மாகாணத்து அரிசி உணவை உண்டவை கடைசியில் நின்றன. தனியொரு தானியமோ தனியொரு சத்தோ அல்ல, தட்டு முழுவதுமே உடலைத் தீர்மானிக்கிறது என்பதே அந்த ஆய்வின் சாரம்.

இதைவிட நேரடியான சாட்சியமும் அங்கேயே உண்டு. 1930களில் சோயா மொச்சை மீது பெரும் மோகம் எழுந்தது. அதன் புரதம் 40 விழுக்காட்டை ஒட்டியது, அதாவது கடலையினுடையதைப்போல் இருமடங்கு. இன்று கடலைக்குப் பாடப்படும் பரணி அன்று சோயாவுக்குப் பாடப்பட்டது. குன்னூர் ஆய்வகத்தின் ஐக்ராய்டும் கிருஷ்ணனும் குழந்தைகளின் உணவில் அதைச் சேர்த்துப் பார்த்தனர். கொழுப்பு நீக்கிய பால் குழந்தைகளின் வளர்ச்சியைத் தூண்டியது. சோயா அத்தகைய பயனைத் தரவில்லை. வழக்கமான பருப்புகளைவிடச் சோயா மேலானதல்ல என்றே 1946இல் இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகத்தின் குழுவும் முடித்தது. இருமடங்கு விழுக்காடே தோற்ற களத்தில், எட்டுப் பத்துப் புள்ளிகள் கூடிய கடலை வென்றுவிடும் என்பது எந்தத் தருக்கம்?

காரணம் எளிது. வயிறு நிறையாத உடல், உண்ட புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. 1968இல் ஐ.நா. அவை 'புரத நெருக்கடி' என்று அபாயச் சங்கு ஊதியபோது, குன்னூர் ஆய்வகத்தில் பணிதொடங்கிய சி. கோபாலனும் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மேயும், இந்திய ஏழையின் முதற்குறை மொத்த உணவின் போதாமையே என்று வாதிட்டனர். 1974இல் டொனால்ட் மக்லாரன் அந்தப் புரதப் பரபரப்பை மாபெரும் தோல்வி என்றே 'லான்செட்' இதழில் எழுதினார்.

இனி ரேஷன் கடைக் கணக்குக்கு வருவோம். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' படித்தவர்கள், படகரின் தினைப்புன வாழ்வு பணப்பயிர்களுக்கு வழிவிட்ட கதையை அறிவர். இன்று கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் வேகும் பருப்பு சமவெளியிலிருந்து மலையேறி வருவது. தமிழக ரேஷன் கடையில் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு, 30 ரூபாய்க்கு. நால்வர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். குன்னூரில் பிறந்த அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது. அந்த ஒரு கிலோ முழுவதும் 28 விழுக்காட்டுப் புதுக் கடலையாகவே மாறட்டும். கிடைக்கும் புரதம் 280 கிராம். பழைய கடலையில் 1,400 கிராம் அளந்து போட்டால் அதே 280 கிராம் வந்துவிடும். மாதம் 400 கிராம் கூடுதலாக அளப்பதற்குக் காட்டு மரபணுவும் காப்புரிமையும் எதற்கு?

மரபணுவுக்கும் விலை உண்டு. புரதம் ஏறும்போது மகசூல் சரியும் போக்கு பயிர்ப் பெருக்க அறிஞர்களின் பழைய தலைவலி. மண்ணும் மழையும் மாறினால் விழுக்காடும் மாறும். கடலையில் ஏற்கெனவே குறைவாக உள்ள மெத்தியோனின் போன்ற கந்தக அமினோ அமிலங்களின் பங்கு, மொத்தப் புரதம் கூடுவதாலேயே கூடிவிடாது. 1964இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட லைசின் மிகுந்த 'ஒபேக்-2' மக்காச்சோளத்தை உலகம் கொண்டாடியது. மணி மாவாக உதிர்ந்தது, பூச்சி அரித்தது, விளைச்சல் குறைந்தது, உழவர் கைவிட்டனர். அதைச் சீர்செய்யச் சுரீந்தர் வாசலும் இவாஞ்சலினா வில்லேகாஸும் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது.

நாம் பயிர்ப் பெருக்கத்தின் பகைவர் அல்லர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் கோதுமையின் துரு நோயோடு மல்லுக்கட்டும் ஆய்வு நிலையத்தை மதிக்கிறோம். 1999இல் வெளியான ஜே.ஜி. 11 என்ற குறுகிய காலக் கடலை, குளிர்நாட்டுப் பயிரென்று கருதப்பட்டதை ஆந்திரத்தின் கரிசலில் பரப்பியது, அதையும் மதிக்கிறோம். இவை கடலையின் அளவைக் கூட்டின, உழவரின் இழப்பைக் குறைத்தன. ஏழைக்கு உதவும் பெருக்கம் இதுதான்: வாடல் நோய் தாங்கட்டும், காய்ப்புழுவுக்கு ஈடுகொடுக்கட்டும், விலை இறங்கட்டும்.

புரத விழுக்காட்டை வேண்டுவது ஆலை. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண் வேண்டுவது இன்னொரு கரண்டிப் பருப்பு. இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றெனக் காட்டி, முன்னதற்கான முதலீட்டைப் பின்னதற்கான அறமாக விற்பதையே நாம் மறுக்கிறோம். குன்னூர் தன் விடையைச் சொல்லி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.