இயற்கை மருந்தும் ஐந்து வருடக் கணக்கும்

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் மெசென்டெரிக் ஃபிளெபோஸ்கிளிரோசிஸ் என்ற நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. பெருங்குடலிலிருந்து இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளின் சுவர் தடித்து, சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. இரத்தம் தேங்குகிறது. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, முற்றினால் குடல் அடைப்பு. குழாய் விட்டுப் பார்த்தால் குடலின் உட்புறம் கருநீலமாகத் தெரியும். அரிய நோய். பெரும்பாலும் ஜப்பான், தைவான் போன்ற கிழக்காசிய நாடுகளில், நடுவயது தாண்டியவர்களுக்கு வருகிறது.

2003-ல் ஜப்பானிய மருத்துவர்கள் 'காரணம் தெரியாத' என்ற அடைமொழியோடுதான் இதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு நோயாளிகளின் மருந்துப் பழக்கத்தை விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. பலர் கார்டீனியா காய் சேர்ந்த 'காம்போ' மூலிகை மருந்தை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள்! அந்தக் காயிலுள்ள ஜெனிபோசைடைக் குடல் பாக்டீரியாக்கள் ஜெனிபினாக மாற்றுகின்றன. அது புரதத்தோடு சேர்ந்து நீலமாகிறது. சிரைகளையும் அதுவே கெடுக்கிறது என்று கருதப்படுகிறது.

இது போலி வைத்தியர் கதை அல்ல. காம்போ ஜப்பானில் மருத்துவர்களே எழுதித் தரும் மருந்து, அரசு காப்பீடும் உண்டு. அப்படியும் இது நடந்தது. ஏன்? மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற நம்பிக்கைதான். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றால் பத்து வருடத்திலும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது, கூட்டு வட்டியை மறந்துவிட்டுக் கடன் வாங்குவது போல.

"சாப்பிட்ட எல்லோருக்கும் வரவில்லையே" என்பார்கள். உண்மைதான். சாப்பிடாத சிலருக்கும் வந்திருக்கிறது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் பலருக்குக் குணம் தெரிந்திருக்கிறதே, அதற்கு என்ன பதில்? 2018-ல் ஜப்பான் அரசு, இந்தக் காய் சேர்ந்த மருந்துகளை நீண்ட காலம், பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு மேல், சாப்பிட்டால் இந்த நோய் வரலாம் என்று மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது.

அலோபதிக்காரர்களும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். "வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்வியில் மூலிகையும் அடக்கம் என்று நோயாளிக்கு யார் சொல்வது? கேட்டிருந்தால் அந்த 'காரணம் தெரியாத' என்ற அடைமொழி பலருக்குத் தேவைப்பட்டிருக்காது.

மூலிகையை யாரும் தூக்கி எறிய வேண்டியதில்லை. மருந்து என்று சாப்பிட்டால் மருந்துக்குரிய கணக்கு வேண்டும்: என்ன, எவ்வளவு, எத்தனை வருடம். அவ்வளவுதான்.