குதிரைவலுவைப் பார்த்து எஞ்சின் வாங்காதையுங்கோ

நைட்ரோ பகி வாங்க யோசிக்கிற யாரிட்டையாவது "எந்த எஞ்சின் போடப்போறாய்?" எண்டு கேட்டுப் பாருங்கோ. மறுமொழி அநேகமா ஒரு எண்ணாத்தான் வரும். எத்தனை குதிரைவலு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எத்தனை போர்ட். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதும் அதுதான், யூரியூப் காணொளிகள் கத்துவதும் அதைத்தான். என்ர கருத்து நேர்மாறானது. அந்த எண்ணைக் கடைசியாப் பாருங்கோ. சிலவேளை பார்க்காமலே விடலாம்.

ஏன் எண்டு சொல்ல முதல் ஒரு விசயத்தைத் தெளிவாக்குவம். 1/8 அளவு பகிக்குப் போடுறது பெரும்பாலும் ".21" எஞ்சின். அது கன அங்குலக் கணக்கு. எங்கட கணக்கில் ஏறத்தாழ 3.5 சிசி. சர்வதேசப் போட்டிகளிலும் இந்தப் பிரிவுக்கு 3.5 சிசிதான் எல்லை. 1/10 அளவு வண்டிகளுக்கு .12 தொடக்கம் .18 வரை, அதாவது 2 இல் இருந்து 3 சிசி வரை. ஆக, அளவை உங்கட வண்டியே தீர்மானிச்சிடும். நீங்கள் தெரிவு செய்யப்போறது ஒரே அளவுள்ள எஞ்சின்களுக்குள் எது எண்டதைத்தான்.

முதல் கேள்வி எஞ்சினைப் பற்றியதே இல்லை. எரிபொருள் எங்கையிருந்து வரும்?

இந்த எஞ்சின் பெற்றோலில் ஓடாது. மெதனோல், நைட்ரோமெதேன், எண்ணெய் மூன்றும் கலந்த திரவத்தில்தான் ஓடும். தீப்பொறி அடிக்கிற பிளக்கும் இதில் இல்லை. குளோ பிளக்குக்குள் இருக்கும் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள், மெதனோல் ஆவியோடு தாக்கமுற்றுச் சிவந்து கொண்டே இருக்கும். அதனால்தான் ஸ்ராட் பண்ண மட்டும் பற்றரி தேவை, பிறகு தன்பாட்டில் ஓடும். எண்ணெயும் அந்தத் திரவத்துக்குள்ளேயே இருப்பதால், கலவையில் எண்ணெய் குறைந்தால் எஞ்சினுக்கு உள்ள ஒரே பாதுகாப்பும் குறையுது.

எங்கட ஊரில் இந்த வண்டிகள் கனக்க வெளிநாட்டுச் சொந்தங்களின் சூட்கேசுக்குள்தான் வந்து இறங்குது. கனடா மாமா பகியைக் கொண்டு வருவார். எரிபொருளைக் கொண்டு வர ஏலாது. மெதனோல் எரியக்கூடிய திரவம், பயணப் பொதிக்குள் அதற்கு இடமில்லை. ஐரோப்பாவில் இருக்கிற சித்தப்பாவுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கு. 2021 பெப்ரவரியில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், 16 வீதத்துக்கு மேல் நைட்ரோமெதேன் உள்ள கலவையை அனுமதிப்பத்திரம் இல்லாத பொதுமக்களுக்கு விற்கக்கூடாது. வெடிபொருள் செய்யப் பாவிக்கலாம் எண்டதுதான் காரணம். 25, 30 வீதத்துக்கென்று அமைக்கப்பட்ட எஞ்சினை வாங்கி வைச்சுக்கொண்டு 16 வீதக் கலவையை ஊத்தினால், பெட்டியில் போட்ட குதிரைவலு வராது. சிலிண்டர் தலைக்குக் கீழே வைக்கிற மெல்லிய சிம் தகடுகளைக் குறைத்து அமுக்கத்தைச் சரிப்படுத்தவும் வேண்டிவரும்.

இதைப் புதுசாப் படிக்க வேண்டிய ஆக்கள் இல்லை நாங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள், சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின சனம் எங்கட யாழ்ப்பாணத்துச் சனம். 2022 இல் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றது நாங்கள். எஞ்சின் எவ்வளவு திறம் எண்டாலும் எண்ணெய் இல்லாட்டி அது இரும்புதான் எண்டது எங்களுக்குத் தெரியும். விளையாட்டுச் சாமான் வாங்கும்போது மட்டும் அது மறந்து போகுது.

கணக்கையும் பார்ப்பம். போட்டிப் பகியின் தாங்கி 125 மில்லிலீற்றர். வேகமா ஓட்டினால் எட்டு, பத்து நிமிடத்தில் முடிஞ்சிடும். ஒரு லீற்றர் எண்டால் எட்டுத் தாங்கி, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. புது எஞ்சினைப் பழக்கி எடுக்கிறதிலேயே பல தாங்கி போயிடும். ஆகவே எஞ்சினின் விலை ஒருமுறைச் செலவு, எரிபொருள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாற செலவு.

ரேஸ் ஓடுறவைக்கும் இது பொருந்தும். உலகச் சம்பியன் போட்டியின் இறுதி ஓட்டம் ஒரு மணித்தியாலம். ஒரு தாங்கிக்கு எட்டு நிமிடம் ஓடுற எஞ்சின் இடையில் ஏழு தரம் எண்ணெய்க்கு நிற்க வேணும். பத்து நிமிடம் ஓடினால் ஐந்து தரம் போதும். நேரான பாதையில் சேர்த்து வைச்ச விநாடிகள் அந்த இரண்டு நிறுத்தத்தில் போயிடும். கார்புரேற்றர் வாய்க்குள் சிறிய வளையம் போட்டு, காற்றையும் எரிபொருளையும் குறைத்து ஓடுவது பெரிய ஓட்டுநர்களுக்கும் வழமையான வேலை. வலுவைக் குறைக்கத்தான் அவையும் காசு செலவழிக்கினம்!

அடுத்தது, எந்த நிலத்தில் ஓடப்போறம்? தார் ரோட்டு வண்டிக்குச் செய்த எஞ்சின் உச்சச் சுற்றில்தான் உயிர்க்கும். பகிக்கு வேண்டியது வேறை. வளைவில் மெதுவாகி, மூன்றடி ஓடி, மேட்டில் பாய வேணும். அதுக்குக் கீழ்ச் சுற்றிலேயே இழுவை தேவை. போர்ட் கூடினால் நல்லது எண்ட கதையும் இதில்தான் பிழைக்குது. பொதுவாகப் போர்ட் கூடின எஞ்சின் மேல்சுற்றுக்குச் சாயும், குறைந்தது கீழ், நடுச் சுற்றில் மென்மையா இழுக்கும். புதுசாப் பழகிறவைக்கு அந்த மென்மைதான் வேகம், ஏனெண்டால் வண்டி கவிழாது. எங்கட செம்மண் புழுதிக்கு எஞ்சினை விடக் காற்று வடிகட்டிதான் முக்கியம். பஞ்சை எண்ணெயில் நனைத்து, அடிக்கடி கழுவி மாத்தாட்டி, எந்த நாட்டு எஞ்சினும் தேய்ஞ்சு போகும்.

ஸ்ராட் பண்ற முறையில் ஒரு வீண் வெட்கம் இருக்கு. கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுறதைச் சிலர் "பிள்ளையளின்ர எஞ்சின்" எண்டு நக்கலடிப்பினம். ரேஸ் எஞ்சின்களுக்குக் கயிறு இல்லை, ஸ்ராட்டர் பெட்டியில் வைத்து அடியில் உள்ள சில்லால் சுத்த வேணும் எண்டது உண்மை. கயிறு அறும், ஒருவழி பெயறிங் வழுக்கும், பாரமும் கூட. ஆனால் பெட்டி, அதுக்குப் பற்றரி, சார்ஜர் எல்லாம் சேர்த்தால் விலை எங்கையோ போகும். ஒற்றை வண்டியை வெறுங்காணியில் ஓட்டுறவருக்குக் கயிறு காணும்.

மூன்றாவது, உதிரிப்பாகம். 1936 இல் ஒசாக்காவில் தொடங்கிய ஓ.எஸ். மாதிரிப் பழைய கம்பனியின் எஞ்சின் விலை கூட எண்டு தெரியும். ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கு, கொனெக்டிங் ரொட்டும் பெயறிங்கும் பிஸ்டன் செற்றும் நாளைக்கும் கிடைக்கும் எண்ட நம்பிக்கைக்குக் குடுக்கிறது. பெயரே தெரியாத மலிவு எஞ்சினை எடுத்தால், ஒரு பெயறிங் போகும்போது முழு எஞ்சினும் போகும்.

பாவிச்சதை வாங்கிறது பிழை இல்லை. ஒரு சோதனை செய்யுங்கோ. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளக்கைக் கழற்றி, பிளைவீலைக் கையால் மெதுவாச் சுத்துங்கோ. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக வேணும். சிலிண்டரின் பித்தளைக் குழாய் மேலே கொஞ்சம் ஒடுங்கித்தான் செய்யப்பட்டிருக்கு. சூடேறி 100 பாகை செல்சியஸ் அளவுக்கு வரும்போதுதான் விரிஞ்சு அளவாகும். குளிரில் அந்த இறுக்கமே இல்லாட்டி, அந்த எஞ்சினின் ஆயுள் முடிஞ்சுது. வித்தவர் எவ்வளவு குதிரைவலு சொன்னாலும் சரி.

"இவ்வளவு கரைச்சல் ஏன், பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் என்ன?" எண்டு கேட்பியள். ஞாயமான கேள்வி. வேகம் மட்டும்தான் வேணும் எண்டால் மின்சாரத்தையே எடுங்கோ. லைப்போ பற்றரியோடு ஓடுற 1/8 பகி இண்டைக்கு நைட்ரோவுக்குச் சளைச்சதில்லை, சத்தமும் புகையும் இல்லை, எண்ணெய் தேடி அலையவும் தேவையில்லை. மெதனோல் நஞ்சு, பகல் வெளிச்சத்தில் அதின்ர சுவாலை கண்ணுக்கே தெரியாது. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில் இதையும் யோசிக்க வேணும்.

நைட்ரோ வேறொரு காரணத்துக்காகத்தான் எடுக்க வேணும். அது காதைப் பழக்கும். வெக்கையும் ஈரமும் கூடின நாளில் காற்றில் ஒட்சிசன் குறையும், கலவை தடிக்கும், ஊசியைக் கொஞ்சம் மூட வேணும். அளவுக்கு மிஞ்சி மூடினால் எண்ணெயும் சேர்ந்து குறைஞ்சு பிஸ்டன் போயிடும். புகையின் நிறமும் சத்தத்தின் கூர்மையும்தான் எவ்வளவு எண்டு சொல்லும். ஓடி முடிஞ்சதும் தாங்கியை வெறுமையாக்கி எண்ணெய் விட்டு வைக்காட்டி, மிஞ்சின கலவை ஈரத்தோடு சேர்ந்து பெயறிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பொறுமை இல்லாதவரிட்டை இது நிற்காது.

அதால நான் சொல்லுறது இதுதான். எரிபொருள் உறுதி எண்டால் மட்டும் நைட்ரோ. நைட்ரோ எண்டால் பகிக்கெண்டே செய்த, உதிரிப்பாகம் கிடைக்கிற, நடுத்தர விலை எஞ்சின். மிஞ்சுற காசில் வடிகட்டி, நாலைஞ்சு பிளக், ஒரு வெப்பமானி. வெளிநாட்டில் குளிருக்குள் நின்று உழைச்ச யாரோ ஒருவரின் காசு அது. அலுமாரிக்கு மேல் தூசி பிடிக்கிற 40,000 சுற்று எஞ்சினை விட, ஒவ்வொரு கிழமையும் புகை விடுற 30,000 சுற்று எஞ்சின் அந்தக் காசுக்கு மரியாதை.