வறுத்துக் கெடுத்த கதைகள்

ஆங்கிலப் புனைகதையில் 'ரோஸ்ட்' என்ற சொல் எதிர்ப்பட்டால் 'வறுவல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது நம் மொழிபெயர்ப்பாளர் பலரிடையே கேள்விக்கு உட்படாத வழக்கமாகிவிட்டது. வறுத்த கறி, கோழி வறுவல், வாத்து வறுவல் என்று எத்தனை பக்கங்கள்! அந்நியச் சொல்லை அப்படியே விடாமல் தமிழாக்கிவிட்டோம் என்ற நிறைவு வேறு. இது தமிழாக்கம் அன்று, பிரதியைச் சிதைப்பது என்பதே நம் வாதம். 'ஒரு சமையல் சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா' என்று புன்னகைக்கும் அன்பர்கள் கட்டுரையை முடித்துவிட்டுப் புன்னகைக்கட்டும்.

முதலில் வினையைப் பார்ப்போம். வறுத்தல் என்றால் சட்டி வேண்டும், கரண்டி வேண்டும், இடைவிடாமல் கிளறும் கை வேண்டும். கடலையும் மிளகாயும் அரிசியும் வறுபடும். இறைச்சியை வறுப்பதானால் முதல் வேலை அதைத் துண்டு துண்டாக நறுக்குவது. ரோஸ்ட்டில் இவை எவையும் இல்லை. எலும்போடு கூடிய முழுத் தொடை, முழுப் பறவை, அல்லது சில கிலோ எடையுள்ள ஒரே தசைத்துண்டு. அதைக் கிளற முடியாது. தணலின் வெம்மையோ, மூடிய அடுப்பறையின் சூடான காற்றோ அதைப் பக்கங்களிலிருந்து மெல்ல வேகவைக்கும். பின்னர் மேசைக்கு முழுதாக வந்து, உண்பவர்களின் கண்முன் அரியப்படும். ஆக, ஒன்று நறுக்கிச் சமைப்பது, மற்றது சமைத்து நறுக்குவது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

'ரோஸ்ட்' என்றே எழுத்துப்பெயர்த்தால் சிக்கல் தீருமா? தீராது. நம் ஊர் உணவகத்தில் ரோஸ்ட் என்றால் முறுகலான தோசை. 'சிக்கன் ரோஸ்ட்' என்றால் மசாலா சுண்டிய கோழித்துண்டுகள். சொல் வந்து சேர்ந்தது, பொருள் வரவில்லை.

இனி கதைக்கு வருவோம். ரோல்ட் டாலின் 'லாம்ப் டு த ஸ்லாட்டர்' 1953இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வெளிவந்தது. 1958இல் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரிலும் இடம்பெற்றது. மேரி மலோனி, உறைந்து கல்லாகக் கிடந்த ஆட்டுத்தொடையால் கணவனை அடித்துக் கொல்கிறாள். அதே தொடையை அடுப்பறைக்குள் வைத்து மூட்டிவிட்டு மளிகைக் கடைக்குப் போய் வருகிறாள். ஆயுதத்தைத் தேடி வந்த காவலர்களே கடைசியில் அந்த ஆயுதத்தைத் தின்று தீர்க்கிறார்கள். இதில் 'மேரி கறியை வறுத்தாள்' என்று எழுதிப் பாருங்கள். கொலை செய்த பெண் தொடையை வெட்டி நறுக்கி, அடுப்பின் முன் நின்று கிளறிக்கொண்டிருக்க வேண்டும்! பிறகு கடைக்கு எப்படிப் போவாள்? தான் வீட்டில் இல்லாதபோது கொலை நடந்தது என்று காட்டுவதற்கு அவளுக்கு வழிவிட்டது, ஆள் இல்லாமலேயே வேகும் அந்த இறைச்சிதான். காவலர்கள் வீட்டைச் சல்லடையாகச் சலிக்கும்போது ஆயுதம் தன் முழு உருவத்தோடு, அவர்களுக்குச் சில அடி தூரத்தில், மணம் பரப்பிக்கொண்டிருக்கிறது. சட்டியில் துண்டுகளாகக் கிடந்தால் அந்த அங்கதம் எங்கே போயிற்று?

டால் கணக்கும் தவறவில்லை. கணவனுக்காக அவள் காத்திருப்பது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. கடைக்கு அவள் போய்ச் சேர்கையில் ஆறு ஆகவில்லை. காவலர்களை உண்ணச் சொல்லும் வேளையில் மணி ஒன்பதை நெருங்குகிறது. உறைந்த இறைச்சி, உறையாத இறைச்சியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். இரண்டு கிலோ தொடைக்கு இரண்டு மணி நேரம் என்றால் உறைந்த தொடைக்கு மூன்று மணி நேரம். ஆறிலிருந்து ஒன்பது, சரியாக மூன்று. கதையின் கடிகாரமும் அடுப்பின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகின்றன. 'வறுத்தாள்' என்பது இரண்டையும் நிறுத்திவிடுகிறது.

இதே கதையில் நகைப்புக்குரிய இன்னொரு விபத்தும் காத்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்து 'அவன்' என்று எழுதுவோர் உண்டு. 'மேரி ஆட்டுத்தொடையை அவனுக்குள் வைத்தாள்' என்று அச்சாகுமானால், கொலை செய்யப்பட்டவனைப் பற்றிய வாக்கியமா, அடுப்பைப் பற்றிய வாக்கியமா என்று வாசகன் திகைக்க மாட்டானா? ஆண்பால் படர்க்கைக்கும் அடுப்புக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எந்த வாசகனிடம் நுட்பத்தை எதிர்பார்க்கிறோம்?

டிக்கன்ஸிடம் போவோம். 1843இல் வந்த 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நாவலில் கிராட்சிட் குடும்பத்தின் வாத்து வீட்டில் வேகவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பிலிருந்து பிள்ளைகள் அதைக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் தீ உண்டு, பெரிய பறவையைச் சுட அடுப்பறை இல்லை. அக்காலத்தில் ஞாயிறன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் ரொட்டி சுடத் தடை இருந்ததால், கடை அடுப்புகள் ஏழைகளின் விருந்துக்குப் பயன்பட்டன. நாவலுக்குள்ளேயே ஸ்குரூஜ் இதுகுறித்து ஆவியிடம் வாதிடுகிறான். 'அம்மா வாத்தை வறுத்துக் கொடுத்தாள்' என்ற ஒரு வரி இந்த வர்க்க வரலாற்றைத் துடைத்தெறிந்துவிடும். வறுக்க ஒரு சட்டி போதும், சட்டி இல்லாத ஏழை கிடையாது. சுட அடுப்பறை வேண்டும், அது அவர்களிடம் இல்லை. அந்த இல்லாமையைத்தான் டிக்கன்ஸ் எழுதினார்.

ஆங்கிலேயனுக்கு இச்சொல் வெறும் உணவுப் பெயர் அல்ல. ஹென்றி ஃபீல்டிங் 1731இல் நாடகத்துக்காகச் சுட்ட மாட்டிறைச்சியைப் புகழ்ந்து பாட்டெழுதினார். ஹோகார்த் 1748இல் கலே நகர வாயிலைத் தீட்டியபோது, பட்டினி கிடக்கும் பிரெஞ்சுப் படைவீரர்களின் நடுவே ஒரு பெரும் மாட்டிறைச்சித் துண்டை வைத்து, அந்தப் பாட்டின் சொற்களையே படத்தின் பெயரில் சேர்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயர்களைக் கேலியாக 'ரோஸ்பிஃப்' என்றே அழைத்தார்கள். அப்படி ஒரு தேசத்தின் தற்பெருமை ஏறி நிற்கும் சொல்லை மிளகு வறுவலோடு சேர்த்துவிடுவது என்ன நியாயம்?

ஆங்கில மொழிக்குள்ளேயே இச்சொல் இடம் மாறியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வழக்கில் ரோஸ்ட் என்றால் திறந்த தீயின் முன் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுடுவது. அந்தக் கம்பியைச் சுழற்ற நாய்களைச் சக்கரத்துக்குள் ஓடவிட்டார்கள். அடுப்பறைக்குள் வைப்பதை வேறு பெயரால், ரொட்டிக்கு உரிய வினையால் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் மூடிய இரும்படுப்புகள் வீடுகளுக்குள் பரவிய பிறகே வீட்டு அடுப்பறையில் வெந்தது ரோஸ்ட் என்ற பெயரைச் சுவீகரித்துக்கொண்டது. யார்க்ஷயர் புட்டிங் என்பதும் முதலில் சுழலும் இறைச்சியின் கீழ் தட்டை வைத்து, சொட்டும் கொழுப்பைப் பிடித்து வேகவைத்த மாவுதான். 1747இல் ஹானா கிளாஸ் தம் நூலில் அதன் செய்முறையைத் தந்திருக்கிறார்.

'வாசகனுக்கு இவையெல்லாம் எதற்கு? அவன் புரிந்துகொள்ளும் சொல்லைத் தருவதல்லவா மொழிபெயர்ப்பு?' என்ற வாதம் எழும். இது வாசகன்மீது உள்ள கரிசனம்போலத் தோன்றும், உண்மையில் அவன்மீது உள்ள அவநம்பிக்கை. அதைவிட, தமிழில் சொல் இல்லை என்ற மறைமுக ஒப்புதல் இதில் இருக்கிறது. இதைத்தான் தமிழ் படித்தவர்களாகிய நம்மால் பொறுக்க முடியவில்லை.

சொல் இல்லையா? பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு அளிக்கும் விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட ஊன் வருகிறது. அந்தக் கம்பிக்குக் 'காழ்' என்று பெயரும் உண்டு. ஆங்கிலேயன் தீயின் முன் செய்ததைச் சொல்லும் வினை தமிழில் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது: சுடுதல். அடுப்பறைக்கு என்ன சொல் என்கிறீர்களா? ஈழத் தமிழர் பாண் சுடும் அடுப்பைப் 'போறணை' என்கிறார்கள். போர்த்துக்கீசியரின் 'ஃபோர்னோ' கரையேறித் தமிழுடை உடுத்திக்கொண்ட சொல் அது. கடலுக்கு அப்பால் உள்ள தமிழை நம் தமிழாக ஏற்க மனமிருந்தால், 'மேரி ஆட்டுத்தொடையைப் போறணையில் வைத்துச் சுட்டாள்' என்று எழுதத் தடை என்ன? தமிழ்நாட்டு வாசகனுக்கு அந்தச் சொல் புதிதென்றால், இரண்டு பக்கம் கடப்பதற்குள் பழகிவிடும்.

'வடையையும்தான் சுடுகிறோம், அது எண்ணெயில் அல்லவா?' என்று ஒருவர் மடக்கக்கூடும். நியாயமான கேள்வி. சுடுதல் விரிந்த வினைதான். ஆனால் தோசையானாலும் வடையானாலும் பனங்கிழங்கானாலும், சுடப்படுவது தன் உருவம் குலையாமல் சுடப்படுகிறது. கதைக்கு வேண்டியதும் அந்த உருவம் குலையாமைதான்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மின்போறணை இன்று நம் நகரத்து வீடுகள் பலவற்றில் இருக்கிறது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அதில் ஒரு முழு ஆட்டுத்தொடையைச் சுட்டுப் பாருங்கள். முந்தைய இரவே உப்புத் தடவி வையுங்கள். முதல் இருபது நிமிடம் 220 பாகை செல்சியஸ், பிறகு 170. மேற்பரப்பின் ஈரம் வற்றி, அதன் சூடு 140 பாகையைத் தாண்டும்போதுதான் நிறமும் மணமும் விரைந்து பிறக்கும். அந்த வேதிவினையை 1912இல் விவரித்த லூயி கமீ மையார் பெயரால்தான் அது இன்றும் வழங்குகிறது. உள்ளே 60 பாகை தொட்டதும் வெளியே எடுங்கள். எடுத்த பிறகும் உட்சூடு சில பாகை ஏறும், ஆகவே இருபது நிமிடம் தொடாமல் வையுங்கள். மேற்புறத்தைத் தீயில் இறுக்கினால் சாறு உள்ளே அடைபடும் என்று 19ஆம் நூற்றாண்டில் லீபிக் பரப்பிய கொள்கை பொய் என்பதும் தட்டில் தேங்கும் சாற்றைக் கண்டால் விளங்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் உங்களுக்குச் செய்ய எந்த வேலையும் இருக்காது. வீடு முழுதும் மணக்கும். யாராவது வந்தால் 'என்ன வாசனை?' என்று கேட்பார்கள். அப்போது புரியும், டால் ஏன் குழம்பையும் வறுவலையும் விட்டு இதைத் தேர்ந்தார் என்று.

இது தொடையைப் பற்றிய பிடிவாதம் அல்ல. ஒரு பண்பாடு தன் தீயை எப்படிக் கையாண்டது என்பதை அறியாமல் அதன் இலக்கியத்தைக் கொண்டுவர முடியாது. அகராதியில் முதலில் அகப்படும் சொல்லை எடுத்து ஒட்டுபவர் மூலத்துக்கும் உண்மையாக இல்லை, தமிழுக்கும் உண்மையாக இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுட்டுத் தின்ற மொழி இது. அதற்குச் சுடத் தெரியாது என்று வறுவலைப் பரிமாறுவதை இனியாவது நிறுத்துவோம்.